அடுப்பு மூட்டாமல் வந்தவர்கள்

பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டீங்க, தங்கச்சி. அதைச் சொல்லி முடிக்க இந்த பஸ் பத்தாது. டீச்சர் என்றால் டீச்சர், போலீஸ் என்றால் போலீஸ், ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். என் மகன் வேலை அப்படி இல்லை. பேரைச் சொல்லவே நடுவிலே ஒரு தரம் மூச்சு வாங்கணும். அதை அட்டையில் பச்சை எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். பால்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன வேலைங்கம்மா?" என்றார். "படிச்சீங்கல்ல, அதுதான்" என்றேன். வேறென்ன சொல்ல?

திருச்சியில் எம்.எஸ்.டபிள்யூ படித்தான். காலேஜுக்கே வந்து ஆளை எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஊருக்கு மேற்கே சுண்ணாம்புக்கல் தோண்டுகிற சிமெண்டு கம்பெனி இருக்கிறது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அங்கே லோடு அடிக்கப் போவார்கள், வாட்ச்மேனாகப் போவார்கள். ஏசி ரூமுக்குள்ளே நாற்காலி போட்டு உட்கார்ந்தது என் மகன் இளஞ்சேரன் ஒருத்தன்தான். ஆறு மாதம் பயிற்சி. ஆள் தேறினால் பெர்மனென்ட். பெர்மனென்ட் ஆனால் கல்யாணம். ஜெயங்கொண்டம் பக்கம் ஒரு பெண், நர்சிங் படித்தது, மூக்கும் முழியுமாக இருக்கும். ஜாதகம் கூடிவந்துவிட்டது. பெண்ணோட அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: "வேலை நிலைக்கட்டும் சம்பந்தி, மறுநாளே தாம்பூலம் மாத்திக்கலாம்." அவர் சம்பந்தி என்று கூப்பிட்டுவிட்டாரே தவிர, எனக்கு அந்த ஆறு மாதமும் மடியில் நெருப்புதான்.

அப்படி என்னதான் வேலை என்று நானும் ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டேன்.

"கம்பெனியால யாருக்கெல்லாம் நல்லது கெட்டது உண்டோ, அவங்களை எல்லாம் போய்ப் பார்க்கணும்மா. அவங்க சொல்றதைக் கேக்கணும்."

"கேட்டு?"

"கேட்டுக்கணும்."

"கேட்டு என்னடா செய்வே?"

"மேலே சொல்லுவோம்."

"மேலே என்ன செய்வாங்க?"

"அவங்களும் கேட்டுக்குவாங்க."

அவங்க அப்பா கொத்தனார். வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர், செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கேட்டுட்டு ஒண்ணும் செய்யாம இருக்கிறதுக்குச் சம்பளமா? கல்யாணம் ஆன நாளிலேருந்து நான் அதைத்தானேடா ஓசியில செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார். அவருக்கு எல்லாம் கேலி. படிப்போட அருமை தெரியாத மனுஷன்.

லேசான வேலை என்று நினைத்துவிடாதீங்க. கேட்பதற்கே தனிப் படிப்பு வைத்திருக்கிறார்கள். சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு பெரிய ஹோட்டலில் தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார்களாம். எதிரே இருக்கிறவன் பேசும்போது கையைக் கட்டக் கூடாது. கொட்டாவி வந்தால் விழுங்கணும். வைதால் தலையை மெல்ல ஆட்டணும். ஆமாம் என்கிற ஆட்டும் இல்லை, இல்லை என்கிற ஆட்டும் இல்லை, ரெண்டுக்கும் நடுவிலே ஒன்று. எதைக் கேட்டாலும் செய்கிறேன் என்று மட்டும் வாயிலே வந்துவிடக் கூடாதாம். கண்ணாடி முன்னாலே நின்று பழகுவான். எனக்கும் வரும், பாருங்க... இப்படி. ஆங், கொஞ்சம் கழுத்து பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஒருநாள், "துவரம்பருப்பு தீர்ந்துபோச்சுடா" என்றேன். தலையை அந்த மாதிரி ஆட்டினான். "உங்க கவலை எனக்குப் புரியுதும்மா. இதை நான் ரொம்ப முக்கியமா எடுத்துக்கறேன்" என்றான். என்ன ஒரு மரியாதை! முந்தியெல்லாம் "போம்மா, நீயே போய் வாங்கிக்க" என்று கத்துகிற பிள்ளை. பெத்த வயிறு குளிர்ந்துபோச்சு. பருப்பு வரவில்லை. அந்த வாரம் கருவாட்டுக் குழம்பிலேயே ஓட்டினோம்.

அப்புறம் சுவர் அகலத்துக்கு ஒரு தாளை ஒட்டினான். அதிலே எங்கள் ஊரில் உள்ள எல்லோர் பேரும் இருந்தது. கம்பெனிக்கு வேண்டியவர்களுக்குப் பச்சை, எதிர்ப்பு சொல்கிறவர்களுக்குச் சிவப்பு, எதிலும் சேராதவர்களுக்கு மஞ்சள். "கொளஞ்சி என்னடா கலரு?" என்றேன். சிவப்பிலேயே கெட்டிச் சிவப்பாம். கொளஞ்சி எங்கள் தெருக்கோடியில் ஆடு வளர்க்கிறவள். அவள் வாயைத் திறந்தால் எனக்கே சிவப்பாகத்தான் தெரியும். அவள் ஆடு என் முருங்கையைத் தின்றதிலிருந்து ரெண்டு பொங்கலாக எங்களுக்குள்ளே பேச்சுவார்த்தை கிடையாது.

"சரி, நான் என்ன கலரு?"

"நீ அதுல இல்லம்மா."

"ஏன்டா இல்லை?"

"நீ என்னம்மா சொல்லப்போறே? நீ அம்மா."

சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அஞ்சாம் மாதம் முடிகிற நேரத்தில்தான் அந்தக் கூட்டம் வந்தது. கம்பெனி கல்லு தோண்டுகிற குழியை இன்னும் பெரிதாக்கணுமாம், எங்கள் ஏரிக்கரை வரைக்கும். அதற்கு முன்னாலே அரசாங்கம் ஊர் ஜனங்களைக் கூப்பிட்டு, உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டு எழுதிக்கொள்ளணும் என்று சட்டம் இருக்கிறதாம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேர். அதற்கான வேலை முழுக்க என் மகன் தலையில்.

அவனுக்கு மேலே இருக்கிற சுரேந்தர் சார் ஒருநாள் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வந்தார். வெளுப்பான மனுஷன், வாழை இலையை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கையலம்பும்போது என்னிடம் சொன்னார்: "அம்மா, எல்லாம் உங்க பையன் கையிலதான் இருக்கு. கூட்டம் மட்டும் சத்தமில்லாம, நல்லபடியா முடிஞ்சுட்டா மறுநாளே பெர்மனென்ட் ஆர்டர்." சத்தமில்லாமல் என்றால், பாட்டுச் செட்டு, வேட்டு இதெல்லாம் வேண்டாம் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். நல்லபடியா முடியணும் என்பதை நான் மனசிலே முடிந்து வைத்துக்கொண்டேன்.

அவர் போனதும் பிள்ளையைக் கேட்டேன். "எல்லாருக்கும் சொல்லிட்டியாடா?"

"பேப்பர்ல போட்டாச்சும்மா. தமிழ்ப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர் ரெண்டுலயும். சட்டப்படி அது போதும்."

எனக்குப் பகீரென்றது. நீங்களே சொல்லுங்க தங்கச்சி, பேப்பரில் போட்டால் எவள் வருவாள்? செத்தவர்கள் படத்தைத்தான் பேப்பரில் போடுவார்கள். ஒரு நல்ல காரியம் என்றால் வாசல் ஏறிப் போய்க் கூப்பிடணும். நாளைக்கு அவன் கல்யாணத்தையும் பேப்பரில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பானோ என்று கவலையாகிவிட்டது. "எத்தனை பேர் வருவாங்கன்னு நினைக்கிறே?" என்றேன். "முப்பது நாற்பது பேர் வந்தா போதும்மா" என்றான். பாவம், பிள்ளைக்கு மனசு விட்டுப்போச்சு! ஊரிலே ஒரு காதுகுத்துக்கே அதைப்போல நாலு பங்கு வரும். இவன் ஒத்தை ஆளாகக் கூட்டம் வைத்து, அதிகாரிகள் முன்னாலே காலி நாற்காலிகளைக் காட்டிக்கொண்டு நின்றால், பெர்மனென்ட் எப்படி ஆகும்?

கடைசி நாலைந்து நாள் அவன் கம்பெனி விருந்தினர் விடுதியிலேயே தங்கிவிட்டான். அதுவும் நல்லதாகப் போச்சு. இருந்தால் "உனக்கேம்மா இந்தச் சிரமம்" என்று தடுத்திருப்பான்.

நானும் என் நாத்தனாரும் குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டோம். பித்தளைத் தட்டிலே வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூவன் பழம். ஏரிக்கு இந்தப் பக்கம் மூன்று தெரு, அந்தப் பக்கம் ரெண்டு தெரு, ஒரு வீடு விடவில்லை. எங்கள் பக்கத்திலே முழுக் குடும்பத்தையும் கூப்பிடுவதென்றால் ஒரு முறை இருக்கிறது. "அன்னைக்கு உங்க வீட்டுல அடுப்பு மூட்டக் கூடாது" என்று சொல்லிக் கூப்பிடணும். அப்படிச் சொல்லிவிட்டால் பச்சைப்பிள்ளையிலிருந்து படுத்த கிழம் வரைக்கும் வந்தே ஆகணும். வராவிட்டால் உறவு அறுந்தது என்று அர்த்தம். நான் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொன்னேன்.

கொளஞ்சி வீட்டுப் படி ஏறத்தான் கால் கூசியது. ஆனால் தட்டோடு வந்தவளை யாரும் வெளியே நிறுத்த முடியாது இல்லையா? அவள் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பவுனு, தட்டும் கையுமா வர்றே? உன் மவனுக்கு நிச்சயமா?"

"அதுக்கு முந்தின விசேஷம்க்கா. புள்ள ஒரு கூட்டம் வைக்கிறான்."

"கூட்டமா? போன தடவை யாருக்கும் தெரியாம நாலு பேரை உக்காரவெச்சுப் படம் புடிச்சுக்கிட்டுப் போனானுங்களே, அந்தக் கூட்டமா?"

"அது வேற ஆளுங்க வெச்சது. இது எம்புள்ள வைக்கிறது."

"வந்து என்ன செய்யணுமாம்?"

"மனசுல இருக்கிறதைச் சொல்லணுமாம். பெரிய அதிகாரி வந்து எழுதிக்குவாங்களாம்."

"மனசுல இருக்கிறதையா?"

"ஆமாங்க்கா, மனசுல இருக்கிறதை."

கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். "நீ வந்து கூப்பிட்டுட்டே. வர்றேன்டி" என்றாள். ரெண்டு பொங்கல் சண்டை அதோடு முடிந்தது. என் மகன் அவள் வீட்டு வாசலிலே எத்தனை நாள் தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருப்பான்! ஒரு கொட்டைப்பாக்கில் முடிகிற காரியம்.

கூட்டத்தன்றைக்கு ஸ்கூல் மைதானத்திலே சாமியானா போட்டிருந்தார்கள். மேடையிலே வெள்ளைத் துணி விரித்த மேசை. நான் முன்கூட்டியே போய் வாசலிலே சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் சொம்புமாக நின்றுகொண்டேன். முதலில் ரெண்டு வேனில் யாரோ வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரித் தொப்பி. "எந்த ஊரு தம்பி?" என்று ஒருத்தனைக் கேட்டேன். "இந்த ஊருன்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். அவனுக்கும் சந்தனம் வைத்தேன். யாராக இருந்தாலும் விசேஷத்துக்கு வந்தவர்கள்.

அப்புறம் வந்தார்கள் பாருங்க எங்கள் ஜனங்கள்! ஏரிக்கரை மேலே ஒரு மைலுக்குக் கலர் கலராகப் புடவை. தலை நிறையப் பூ. இடுப்பிலே பிள்ளை. எழுந்து நடக்க முடியாத பெரியவர்களைக் கூட டிராக்டரில் ஏற்றிவந்துவிட்டார்கள். நாற்காலி நிறைந்து, தரை நிறைந்து, மதில் மேலேயும் ஏறிவிட்டார்கள். என் பிள்ளை மேடையிலே மைக்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றான். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை. முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

சுரேந்தர் சார் அவன் பக்கத்தில் போய், "யார் இவங்களை எல்லாம் கூட்டிட்டு வந்தது?" என்றார். நல்ல சத்தமாகவே கேட்டார். பிள்ளை தானாகச் சொல்லிக்கொள்ள மாட்டான், அடக்கம். நான்தான் வாசலிலிருந்தே கையைத் தூக்கினேன். "நான்தான் சார்! வீடு வீடாப் போய்க் கூப்பிட்டேன்!" அந்த மனுஷன் நன்றி சொல்லக்கூட வாய் வராமல் நின்றார்.

அரசாங்கத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்திருந்தாங்க. கூட்டத்தைப் பார்த்துவிட்டு அவங்களுக்கு ஒரே ஆச்சரியம். "இத்தனை பெண்கள் வந்து உட்கார்ந்த கூட்டத்தை நான் பார்த்ததே இல்லை" என்று மைக்கிலேயே சொல்லி, கீழே இறங்கிவந்து என் மகன் கையைப் பிடித்துக் குலுக்கினாங்க. அந்த நேரத்தில் ஜெயங்கொண்டத்துக்காரர் இருந்து பார்த்திருக்கணும்.

முதலில் தொப்பிக்காரர்கள் ரெண்டு பேர் எழுந்து கம்பெனி நல்ல கம்பெனி என்று சொன்னார்கள். ஒருத்தன் வேறு ஏதோ கம்பெனி பேரைச் சொல்லிவிட்டுப் பிறகு திருத்திக்கொண்டான். அப்புறம் எங்கள் ஆட்கள். கொளஞ்சிதான் முதலில் போனாள். "வெத்தலை பாக்கு வெச்சுக் கூப்பிட்டாங்க, அந்த மரியாதைக்கு வந்தேன்" என்று ஆரம்பித்தாள். ஏரியிலே தண்ணி இருந்த கதை, ஆடு இருமுகிற கதை, வெடிச் சத்தத்திலே சினை ஆடு குறைமாசத்துலேயே குட்டி போட்ட கதை. அவளுக்குப் பின்னாலே வரிசை. வரிசை என்றால் ரேஷன் கடையில் கூட அப்படிப் பார்த்ததில்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. இங்கேதான் கம்பெனிக்காரர்கள் ஒரு தப்புப் பண்ணிவிட்டார்கள், தங்கச்சி. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சாப்பாடு போடவில்லை! டீயும் ரெண்டு பிஸ்கட்டும், அதுவும் முன்வரிசையோடு தீர்ந்துபோச்சு. எல்லோரும் வீட்டிலே அடுப்பு மூட்டாமல் வந்தவர்கள். இதிலே சாமியானாவுக்குப் பின்னாலே தொப்பிக்காரர்களுக்கு மட்டும் பிரியாணிப் பொட்டலம் கொடுக்கிறார்கள். காற்று எங்கள் பக்கம்தான் வீசுது. கேட்கணுமா? சாதுவான பெண்கள், புருஷன் முன்னாலே நின்று பேசாதவர்கள், ஒவ்வொருத்தியாகப் போய் மைக்கைப் பிடித்தால் விடவில்லை. வயிறு காய்ந்தால் வாய் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? சுரேந்தர் சார் அதிகாரி அம்மாவிடம் குனிந்து, "முடிச்சுக்கலாமா மேடம்?" என்றார். "கடைசி ஆள் பேசற வரைக்கும் இருக்கணும், அதுதான் சட்டம்" என்று அந்த அம்மா பேனாவை மாற்றிக்கொண்டாங்க.

எனக்கு ஒரே பதைப்பு. எல்லோரும் கம்பெனியைப் பேசுகிறார்கள். என் பிள்ளையைப் பற்றி ஒருத்தியாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லணுமே! பெர்மனென்ட் ஆகணுமே! கடைசியிலே நானே போனேன். மைக்குக்கு முன்னாலே நான் நின்றதே இல்லை. ஆனால் பெத்தவளுக்கு என்ன பயம்?

"அம்மா, நான் இந்தப் புள்ளையோட தாயார்" என்றேன். "இவன் எப்படிப் படிச்சு வந்தான்னு உங்களுக்குத் தெரியணும். தினமும் மத்தியானம் குழியில வெடி வைப்பாங்க. வீடு ஒரு குலுங்கு குலுங்கும். ஓட்டு மேலேருந்து மண்ணு கொட்டும். இவன் எழுந்திருக்க மாட்டான். புத்தகத்தைத் தட்டிட்டு அடுத்த வரி படிப்பான். சுவரு கையளவு பொளந்து கெடக்கு, அந்தப் பொளவுல மண்ணெண்ணெய் விளக்கை வெச்சுப் படிச்ச புள்ள இது. கெணத்துல தண்ணி போனதுக்கப்புறம் அக்கரைக்குப் போய் ரெண்டு குடம் தூக்கிட்டு வந்து வெச்சுட்டுத்தான் காலேஜ் பஸ் ஏறுவான். தூசியில நெஞ்சு கட்டிக்கும். இருமிக்கிட்டே மனப்பாடம் பண்ணுவான். ஒரு நாள் ஒரு குறை சொன்னதில்லம்மா. அப்படிப்பட்ட புள்ள!"

அதிகாரி அம்மா, "கொஞ்சம் மெதுவா, எழுதிக்கறேன்" என்றாங்க. அவனைப் பற்றித்தானே எழுதுகிறார்கள் என்று எல்லாவற்றையும் இன்னொரு தரம் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பொளவு எவ்வளவு அகலம் என்று கேட்டாங்க. கையை விரித்துக் காட்டினேன்.

சுரேந்தர் சார் மைக்கை வாங்கி என் மகன் கையில் திணித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன், காதிலே விழுந்தது. "உங்க அம்மா ஏதோ உணர்ச்சிவசப்பட்டுப் பேசிட்டாங்கன்னு சொல்லு. வீடு பழைய வீடுன்னு சொல்லு. உடனே சொல்லு."

இளஞ்சேரன் மைக்கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். அவங்க அப்பா கூட்டத்துக்குள்ளே தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார், அவரையும் பார்த்தான். தலை ஆடவே இல்லை, தங்கச்சி. அப்புறம் சொன்னான்.

"அந்த வீடு எங்க அப்பா கட்டினது மேடம். பழைய வீடு இல்ல. அம்மா சொன்னது அத்தனையும் நெசம். எழுதிக்கங்க."

ஊரே கைதட்டியது. பெத்தவ பேச்சைச் சபையிலே தட்டாத பிள்ளை இந்தக் காலத்தில் எங்கே இருக்கிறான், சொல்லுங்க? அவங்க அப்பா துண்டாலே முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயில் அப்படி.

மறுநாள் பெர்மனென்ட் ஆர்டர் வரும் என்று வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்தேன். கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. கம்பெனி போனையும் கழுத்தில் மாட்டுகிற அடையாள அட்டையையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நல்லவனாக இருந்தால் கூட இருக்கிறவர்களுக்குப் பொறுக்காது, அதுதான். ஏரிப் பக்கம் குழி வெட்டுவதையும் அரசாங்கம் நிறுத்திவைத்துவிட்டதாம். அதற்கும் இவனுக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் இவன்மேல் பழி போட்டுவிட்டார்கள். பெண்ணோட அப்பாவுக்கு நானும் போன் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எடுப்பதில்லை. அவர் ஊரிலே டவர் சரியாக இல்லை போலிருக்கிறது.

ஆனால் ஊரிலே அவனுக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. கொளஞ்சி அவன் தெருவில் போனால் எழுந்து நிற்கிறாள். அவன்தான் யார் முகத்தையும் பார்க்காமல் போகிறான். என்னிடம் கோபம் இல்லை. ஒருநாள் சோறு போடும்போது, "ஏம்மா, எல்லாத்தையும் தெரிஞ்சுதான் பேசுனியா?" என்று கேட்டான். "எதைடா?" என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டு சிரித்தான். "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து" என்றான்.

இன்றைக்குத் திருச்சியிலே இன்டர்வியூ. காற்றாலைக் கம்பெனியாம், அதே வேலைதானாம். அவன் இருக்கிற அடக்கத்துக்கு அங்கே போய்த் தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிக்கொள்ளவா போகிறான்? தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவான். அந்தக் கூட்டத்தைப் பற்றியெல்லாம் அவர்களுக்கு யார் எடுத்துச் சொல்வது? நாமதானே சொல்லணும்?

என்னது, எங்கே இருக்கிறானா? அதோ, டிரைவருக்குப் பின்னாலே மூணாவது சீட்டு, நீலச் சட்டை. காதிலே வயரைச் சொருகிக்கொண்டு, பாருங்க. நான் இந்த பஸ்ஸிலே வருவது அவனுக்குத் தெரியாது. அவன் முதலில் இறங்கட்டும். கொஞ்சம் அந்தப் பையைத் தூக்கி மடியில் வெச்சுக்கங்க, தங்கச்சி, திரும்பிப் பார்க்கிறான்.